தனியாகவா, கூட்டாகவா? இணைய விளையாட்டுகளின் ஐம்பது வருடக் கேள்வி

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

பெற்றோர் கூட்டங்களில் ஆசிரியர்களாகிய நாம் இரண்டு முறைப்பாடுகளை அடிக்கடி கேட்கிறோம். "மகன் யாரோடும் சேர மாட்டான், ஃபோனோட தனியாவே கிடக்கிறான் சேர்" என்பது ஒன்று. "மகன் ஆரெண்டே தெரியாத ஆக்களோட சேர்ந்து விளையாடுறான் சேர்" என்பது மற்றது. முதலாவது தனிமை பற்றிய பயம். இரண்டாவது கூட்டம் பற்றிய பயம். சில வேளை ஒரே பிள்ளையைப் பற்றி வாப்பா ஒன்றையும் உம்மா மற்றதையும் சொல்வார்கள்.

இரண்டு பயத்தையும் நாம் இலேசாக எடுக்கவில்லை. ஆனால் எந்தப் பயம் எப்போது சரி என்று அறிய வேண்டுமானால், இந்த விளையாட்டுகள் எப்படி உருவாகின, பிள்ளையைத் தனியாக வைப்பது எது, கூட்டத்துக்குள் தள்ளுவது எது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

நாம் இங்கே பேசுவது பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளைப் பற்றி. பிள்ளைகள் ஆர்.பி.ஜி. என்பார்கள். ஒருவர் ஒரு வீரனாகவோ, மருத்துவனாகவோ, மந்திரவாதியாகவோ ஒரு கற்பனை உலகத்துக்குள் போவார். சண்டையிட்டு, வேலைகளை முடித்து, லெவல் லெவலாக ஏறுவார். நம் பிள்ளைகள் அதிகம் ஆடும் ஃப்ரீ ஃபயர் இந்த வகையல்ல. ஆனால் அதிலும் முதலில் வரும் கேள்வி இதுதான்: சோலோவா, டுவோவா, ஸ்குவாடா?

*மேசையில் தொடங்கியது*

1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிறிய ஊரிலிருந்து ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது. பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கியது. முதல் அச்சில் 1000 பெட்டிகள்தான். உள்ளே இருந்தவை சில விதிப் புத்தகங்கள். கம்பியூட்டர் இல்லை, திரை இல்லை. ஒரு மேசையைச் சுற்றி நண்பர்கள் உட்கார்ந்து, பகடை உருட்டி, பேசிப் பேசியே ஆடுவது.

இந்த விளையாட்டு கூட்டாக ஆடுவதற்கென்றே அமைந்தது. உலகத்தை விவரிக்க ஒருவர் வேண்டும், அதற்குள் நடக்கச் சிலர் வேண்டும். வீரனால் காயத்தை ஆற்ற முடியாது, மருத்துவனால் முன்னால் நின்று அடி தாங்க முடியாது. ஒவ்வொருவரிடமும் ஒரு குறை இருந்ததால்தான் ஒவ்வொருவரும் தேவைப்பட்டார்கள். இதை நினைவில் வையுங்கள், கடைசி வரை வரும்.

இதை ஆடியவர்களில் ஒருவர் வில் குரோதர். இன்டர்நெட்டின் மூதாதையான அர்பாநெட்டில் வேலை செய்த புரோகிராமர். குகைகளுக்குள் இறங்கி ஆராய்வது அவருடைய பொழுதுபோக்கு. மணமுறிவுக்குப் பிறகு தன் இரண்டு பெண் பிள்ளைகளுக்காக, கென்டக்கியின் மம்மத் குகையை மனதில் வைத்து, எழுத்தாலான ஒரு கம்பியூட்டர் விளையாட்டை எழுதினார். காலம் எழுபதுகளின் நடுப்பகுதி. பெயர் அட்வென்ச்சர். 1977இல் டொன் வூட்ஸ் என்பவர் அதை விரிவாக்கினார்.

மேசையில் ஒரு கூட்டம் ஆடியதை கம்பியூட்டருக்கு முன்னால் இப்போது ஒருவர் தனியாக ஆடினார். கதை சொல்லும் நண்பரின் இடத்தை இயந்திரம் எடுத்துக்கொண்டது. 1981இல் வந்த விசார்ட்ரியில் ஆறு பாத்திரங்கள் கொண்ட குழு இருந்தது. ஆனால் அந்த ஆறு பேரையும் நடத்தியது ஒரே ஆள்! தனியாக இருப்பவருக்கும் ஒரு கூட்டம் தேவைப்பட்டது. அதையும் இயந்திரத்துக்குள்ளேயே உண்டாக்கிக்கொண்டார்.

*மீண்டும் ஒன்று சேர்த்தவர்கள்*

1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ரோய் டிரப்ஷோ, ஒரே உலகத்துக்குள் பலர் ஒரே நேரத்தில் நுழையக்கூடிய ஒரு விளையாட்டை எழுதத் தொடங்கினார். மட் என்று பெயர். பலர் ஆடும் நிலவறை என்பது அதன் விரிவு. 1980இல் பொறுப்பு ரிச்சர்ட் பார்ட்டில் என்ற சக மாணவரிடம் வந்தது. படம் எதுவும் கிடையாது, எழுத்து மட்டும்தான். ஆனால் "இந்த அறைக்குள் இன்னொருவர் நிற்கிறார்" என்று திரையில் வந்தால், அந்த இன்னொருவர் உண்மையான மனிதர்.

பார்ட்டில் பின்னர் 1996இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். இப்படிப்பட்ட உலகங்களுக்கு வருபவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத் தேடி வருவதில்லை என்பது அதன் சாரம். சிலர் சாதிக்க வருகிறார்கள். சிலர் ஆராய வருகிறார்கள். சிலர் பழக வருகிறார்கள். சிலர் மற்றவர்களை அடித்து வீழ்த்த வருகிறார்கள். நான்கு வகையும் ஒரே உலகத்தில்தான் இருக்கிறது, ஒரு வகை கூடினால் இன்னொரு வகை குறையும் என்றார்.

ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. ஒரே வகுப்பில் மார்க்ஸுக்காக வருபவன், விஷயம் அறிய வருபவன், நண்பர்களுக்காக வருபவன், மற்றவனைச் சீண்டுவதற்கென்றே வருபவன் என்று எல்லோரும் இருக்கிறார்கள்.

*கூட்டம் ஆபத்தானபோது*

1997 செப்டெம்பரில் அல்டிமா ஒன்லைன் வெளிவந்தது. ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய உலகம், இப்போது படங்களோடு, ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக. ஒருவர் மீன் பிடிக்கலாம், தச்சு வேலை செய்யலாம், வீடு கட்டலாம். சண்டையே போடாமல் தையல்காரராகவே வாழ்ந்தவர்கள் இருந்தார்கள்.

ஆனால் ஊருக்கு வெளியே போனால் இன்னொரு விளையாட்டாளர் உங்களைக் கொன்று பொருட்களைப் பறிக்கலாம். புதிதாக வந்தவர்கள் காட்டுப் பாதையில் காத்திருந்த கும்பல்களிடம் மாட்டினார்கள். தனியாக நடப்பது ஆபத்தாகியது. எனவே பாதுகாப்புக்காகவே பலர் கூட்டம் சேர்ந்தார்கள். ஒரு பிள்ளை ஒரு குழுவில் சேர்வது எப்போதும் அன்பினால் அல்ல, பயத்தினாலும் நடக்கும் என்பதை இங்கே பார்க்கிறோம்.

கடைசியில் 2000ஆம் ஆண்டு நிறுவனம் அந்த உலகத்தை இரண்டாகப் பிரித்தது. ஃபெலூக்கா என்ற பாதி பழைய விதியோடே இருந்தது. டிரம்மெல் என்ற பாதியில் சம்மதமில்லாமல் யாரும் யாரையும் தாக்க முடியாது. பெரும்பாலானோர் டிரம்மெல்லுக்குக் குடிபெயர்ந்தார்கள். உலகம் சப்பென்று ஆகிவிட்டது என்று பழையவர்கள் குறைப்பட்டார்கள். ஆனால் மக்கள் காலால் வாக்களித்துவிட்டார்கள்.

இதே காலத்தில் தென் கொரியாவில் 1998இல் லினியேஜ் வந்தது. 1997இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அங்கே பிசி பாங் என்ற கம்பியூட்டர் கடைகள் தெருத் தெருவாகப் பெருகின. கோட்டையைப் பிடிக்கும் போருக்குக் குழுவாக அங்கே போய், பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து ஆடினார்கள். திரைக்குள் இருந்த கூட்டம் திரைக்கு வெளியேயும் தோளோடு தோள் இருந்தது.

*ஆறு பேர் சேராவிட்டால் அசைய முடியாது*

1999 மார்ச்சில் அமெரிக்காவில் எவர்குவெஸ்ட் வந்தது. ஒரு குழுவுக்கு ஆறு பேர். நம் கல்யாண வீட்டில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்வதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் முன்னால் நின்று அடி வாங்குவார். ஒருவர் காயம் ஆற்றுவார். ஒருவர் எதிரிகளை மயக்கி நிறுத்துவார். மற்றவர்கள் தாக்குவார்கள். தனியாகப் போய்ச் சமாளிக்கக்கூடிய சில பாத்திரங்கள் இருந்தாலும் பெரும்பாலானோருக்குக் குழுதான் வழி.

செத்தால் தண்டனை கடுமையானது. கஷ்டப்பட்டுச் சேர்த்த அனுபவப் புள்ளிகளில் ஒரு பகுதி போய்விடும். ஆயுதமும் கவசமும் செத்த இடத்தில் உடலோடு கிடக்கும். வெறுங்கையோடு திரும்பிப் போய் எடுக்க வேண்டும். அது ஆபத்தான நிலவறையின் அடியில் என்றால், தெரியாத ஒருவரிடம் உதவி கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதனால் என்ன நடந்தது? ஒவ்வொரு சேர்வரிலும் ஆட்களுக்கு நல்ல பெயரும் கெட்ட பெயரும் உண்டாகின. பங்கில் ஏமாற்றியவரை, ஆபத்தில் விட்டுவிட்டு ஓடியவரை அடுத்த முறை யாரும் சேர்க்கவில்லை. இரவில் வந்து ஒருவரின் உடலை மீட்டுக் கொடுத்த மருத்துவனை எல்லோரும் அறிந்திருந்தார்கள். ஒரு சிறிய ஊரில் வாழ்வது போல.

2002இல் ஜப்பானில் வந்த ஃபைனல் ஃபேன்டஸி லெவனும் இதே மாதிரிதான். அங்கும் ஆறு பேர்தான் குழு. ஆரம்ப லெவல்களைத் தாண்டியதும் தனியாக முன்னேறுவது மிகவும் கடினம். பின்னர் அமெரிக்கர்கள் வந்தபோது அவர்களையும் ஜப்பானியரையும் ஒரே சேர்வர்களில் விட்டார்கள். மொழி தெரியாதவர்கள் பேசிக்கொள்ள, ஒரு பட்டியலிலிருந்து சொல்லைத் தெரிவு செய்தால் எதிரில் இருப்பவருக்கு அவரது மொழியில் தெரியும் வசதி இருந்தது. "உதவி", "நன்றி", "காத்திருங்கள்" மாதிரியான சின்னச் சொற்களை வைத்தே இரண்டு தேசத்துப் பிள்ளைகள் கூட்டாக ஆடினார்கள்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். குழு கிடைக்கும் வரை மணிக்கணக்கில் சும்மா நிற்க வேண்டும். கிடைத்த பிறகு எழும்பிப் போக முடியாது. ஒருவர் போனால் மற்ற ஐவரும் முடங்கிவிடுவார்கள். வேலைக்குப் போகும் வாப்பாவுக்கும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் அது ஒத்துவராது. "இப்ப வர ஏலாது உம்மா, குழு நிக்குது" என்ற பதிலின் வேர் இங்கேதான் இருக்கிறது. அந்தப் பதிலில் பிடிவாதம் மட்டுமல்ல, ஒரு பொறுப்புணர்வும் இருக்கிறது. அதனால்தான் அதை உடைப்பது கஷ்டம்.

*கூட்டத்துக்குள் தனியாக*

2004 நவம்பர் 23ஆம் திகதி வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட் வெளிவந்தது. அதன் பெரிய மாற்றம் மிகவும் எளிமையானது: கடைசி லெவலான 60 வரைக்கும் ஒருவர் தனியாகவே போகலாம். யாருடைய தலைக்கு மேல் ஆச்சரியக்குறி இருக்கிறதோ அவரிடம் போனால் ஒரு வேலை கிடைக்கும். முடித்தால் பரிசு. செத்தாலும் அனுபவப் புள்ளிகள் குறையாது. கூட்டம் வேண்டுமென்றால் ஐந்து பேருக்கான நிலவறைகளும் நாற்பது பேருக்கான பெரும் போர்களும் இருந்தன. வேண்டாமென்றால் தேவையில்லை. 2010இல் அதன் சந்தாதாரர்கள் 1 கோடியே 20 இலட்சத்தை எட்டினார்கள்.

2006இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் இந்த விளையாட்டை ஆராய்ந்து "சேர்ந்திருந்தும் தனியாகவா?" என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பலரால் சூழப்பட்டிருந்தும் பெரும்பாலும் தனியாகவே ஆடுகிறார்கள் என்று கண்டார்கள். அப்படியானால் தனியாக ஆடும் விளையாட்டையே வாங்கியிருக்கலாமே? அதற்கு அவர்கள் சொன்ன விளக்கம் நம்மை யோசிக்க வைக்கிறது. மற்றவர்கள் பார்வையாளர்களாக இருக்கிறார்கள். நம் புதிய வாளை யாராவது பார்க்க வேண்டும். பக்கத்தில் யாரோ பேசும் சத்தம் வேண்டும்.

தேநீர்க் கடையில் தனியாக உட்கார்ந்து பத்திரிகை வாசிக்கும் பெரியவரைப் போல. அவருக்குப் பேச்சுத்துணை தேவையில்லை. ஆனால் வீட்டில் இருந்தும் வாசிக்க மாட்டார். தனியாக ஆடும் எல்லாப் பிள்ளையும் தனிமையில் வாடும் பிள்ளை அல்ல.

*வரிசையில் நின்றால் ஐந்து பேர்*

அடுத்த திருப்பம் 2009 டிசம்பரில் வந்தது. அதே விளையாட்டில் குழு தேடுவதை இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். ஒரு பட்டனை அழுத்தினால் போதும். வெவ்வேறு சேர்வர்களிலிருந்து ஐந்து பேரை அது பொறுக்கி எடுத்து, நேராக நிலவறை வாசலில் இறக்கிவிடும்.

முந்தைய கஷ்டம் தீர்ந்தது. வேலையால் வந்தவர் அரை மணித்தியாலத்தில் ஒரு நிலவறையை முடித்துவிட்டுத் தூங்கலாம். ஆனால் அந்த ஐந்து பேரும் இனி சந்திக்கப் போவதில்லை. பெயர் கெடும் என்ற பயமில்லை, நல்ல பெயர் எடுக்கும் வாய்ப்புமில்லை. சலாம் சொல்லாமல் வந்து சலாம் சொல்லாமல் போகலாம். புதியவர் ஒருவர் பிழை விட்டால் கற்றுக்கொடுப்பதைவிட வெளியே தள்ளுவது இலகு, இயந்திரம் இன்னொருவரைத் தரும்.

நம் பார்வையில் இந்த வரலாற்றின் முக்கியமான இடம் இதுதான். பெயருக்கு இது கூட்டு ஆட்டம். ஆனால் ஒருவருக்கொருவர் தேவையாக இருந்த அந்தப் பழைய கட்டு அவிழ்ந்துவிட்டது. பிள்ளை ஐந்து பேரோடு ஆடுகிறான் என்று வெளியே தெரியும். உள்ளே அவனை யாருக்கும் தெரியாது. இன்று ஃபோனில் பட்டனை அழுத்திச் சேரும் முன்பின் தெரியாத ஸ்குவாடும் இதே வழியில் வந்ததுதான்.

*தானாகத் தெரிவு செய்தவர்கள்*

அதன் பிறகு இரண்டு எதிரெதிர்த் திசைகளில் ஆட்கள் நடந்தார்கள்.

ஒரு பக்கம் தனிமையை விரும்பித் தெரிவு செய்தவர்கள். ரூன்ஸ்கேப் விளையாட்டில் சிலர், மற்றவர்களிடம் எதையும் வாங்காமல், எதையும் கேட்காமல், எல்லாவற்றையும் தானே தேடி ஆடுவோம் என்று தமக்குத் தாமே விதி போட்டுக்கொண்டார்கள். 2014இல் நிறுவனமே அதை அயர்ன்மேன் என்ற ஆட்டமுறையாக ஏற்றுக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், 2021இல் அதிலேயே குழு அயர்ன்மேன் வந்தது. இரண்டு முதல் ஐந்து நண்பர்கள் தமக்குள் மட்டும் கொடுத்து வாங்கி, வெளியாரைத் தொடாமல் ஆடுவது.

ஃபைனல் ஃபேன்டஸி ஃபோர்ட்டீனில் 2019 முதல், மனிதர்களுக்குப் பதிலாகக் கதையின் பாத்திரங்களையே குழுவாக அழைத்துக்கொண்டு நிலவறைக்குப் போகலாம். வார்கிராஃப்டிலும் 2024இல் அப்படியான வழிகள் வந்தன. வெட்கப்படுபவருக்கும், மெதுவாக ஆட விரும்புபவருக்கும், கைக்குழந்தை அழுதால் எழும்பிப் போக வேண்டிய தாய்க்கும் அது நிம்மதி.

மறுபக்கம், 2019 ஆகஸ்டில் வார்கிராஃப்டின் பழைய வடிவம் கிளாசிக் என்ற பெயரில் மீண்டும் வந்தது. குழு தேடும் பட்டன் அதில் இல்லை. வாய் திறந்து கேட்டுத்தான் ஆள் சேர்க்க வேண்டும். திறந்த நாளில் சேர்வர்களுக்கு வெளியே நீண்ட வரிசைகள். வசதியைக் குறைத்த ஒன்றை மக்கள் தேடி வந்தார்கள். இழந்தது என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

*இபெலின்*

நோர்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞரின் கதை இன்று உலகறிந்தது. 2024இல் அதைப் பற்றிய ஆவணப்படமும் உலகெங்கும் பார்க்கக் கிடைத்தது. தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் டுஷென் நோயோடு பிறந்தவர். சக்கர நாற்காலியில் இருந்து பெரும்பாலான நேரம் வார்கிராஃப்ட் ஆடினார். மகன் நண்பர்களே இல்லாமல் தனியாக வாழ்ந்து முடிக்கிறான் என்று பெற்றோர் உள்ளுக்குள் அழுதார்கள். 2014இல், 25 வயதில், அவர் இறந்தார்.

மகன் எழுதிவந்த வலைப்பதிவில் தந்தை மரணச் செய்தியை இட்டார். ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. விளையாட்டுக்குள் அவர் பெயர் இபெலின். ஸ்டார்லைட் என்ற குழுவில் வருடக்கணக்காக இருந்தவர். மனம் உடைந்தவர்களுக்கு ஆறுதல் சொன்னவர். குடும்பச் சிக்கலுக்கு வழி காட்டியவர். அவரைத் தெரியாத ஊர்களில் அவருக்காக அழுதார்கள். சிலர் ஒஸ்லோவுக்கு வந்து இறுதிச் சடங்கில் கலந்துகொண்டார்கள்.

அந்தப் பெற்றோர் அன்பில்லாதவர்கள் அல்ல. அறைக்கு வெளியே நின்று பார்த்தால் தெரிவது ஒரு முதுகும் ஒரு திரையும்தான். அதை வைத்து உள்ளே இருப்பது தனிமையா, கூட்டமா என்று யாராலும் சொல்ல முடியாது.

எல்லாப் பிள்ளைக்கும் இப்படியொரு கூட்டம் கிடைக்கும் என்று நாம் சொல்லவில்லை. அல்டிமாவின் காட்டுப் பாதையில் காத்திருந்தவர்களும் அதே இணையத்தில்தான் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். சிறுவர்களிடம் நட்பாகப் பேசிப் பணமும் படமும் கேட்பவர்களைப் பற்றிய பயம் நியாயமான பயம். அந்த விஷயத்தில் விட்டுக்கொடுப்பு வேண்டாம்.

*நாம் கேட்க வேண்டியது*

ஐம்பது வருடத்தைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெளிவு. தனியாக ஆடுவது நல்லதா, கூட்டாக ஆடுவது நல்லதா என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. தேவையால் சேர்ந்த கூட்டம் உண்டு. பயத்தால் சேர்ந்த கூட்டம் உண்டு. இயந்திரம் சேர்த்த கூட்டம் உண்டு. விரும்பிச் சேர்ந்த கூட்டமும் உண்டு. தனிமையிலும் அப்படித்தான். ஓய்வுக்காகத் தனித்திருப்பது வேறு, யாரும் சேர்க்காமல் தனித்திருப்பது வேறு.

எனவே "எத்தனை மணித்தியாலம்?" என்ற கேள்வியோடு இன்னும் மூன்றைச் சேர்த்துக் கேட்போம்.

முதலாவது: யாரோடு ஆடுகிறாய், அவரை எப்படித் தெரியும்?

இரண்டாவது: நடுவில் எழும்பி வர உனக்கு முடியுமா? முடியாது என்றால் ஏன்? தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் எழும்ப விடாத கூட்டம் எதுவானாலும் அதன் விதியை மாற்றத்தான் வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன்னரே நேரத்தைப் பேசிக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

மூன்றாவது: நீ இரண்டு நாள் வராவிட்டால் யாராவது உன்னைத் தேடுவார்களா?

மூன்றாவது கேள்விதான் மிக முக்கியம் என்று நாம் நினைக்கிறோம். நம் பள்ளியில் ஐந்து வக்தும் முன் சஃப்பில் நிற்பவர் இரண்டு நாள் வராவிட்டால், அஸருக்குப் பிறகு யாராவது அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். கூட்டம் என்பதற்கு நமக்குத் தெரிந்த அளவுகோல் அது. பிள்ளையின் பதில் "தேட மாட்டார்கள்" என்றால் அவன் ஐந்து பேரோடு ஆடினாலும் தனியாகத்தான் இருக்கிறான். அப்போது ஃபோனைப் பறிப்பதற்கு முன், பின்னேரம் மைதானத்தில் அவனைத் தேடக்கூடிய நான்கு நண்பர்கள் இருக்கிறார்களா என்று பார்ப்போம். இல்லையென்றால் அதை உண்டாக்கிக் கொடுப்பது பெற்றோரும் ஆசிரியர்களுமான நம் எல்லோருடைய வேலை.

இன்றிரவு பிள்ளையின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து, "இந்த ஆட்டத்தை எனக்கும் கொஞ்சம் காட்டு மகன்" என்று கேட்டுப் பாருங்கள். மூன்று கேள்விக்கும் பதில் அங்கேயே கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.